மலையகத்தில் ஸ்ட்ரோபெரிக்கு எது பருவம்?

சகோதரி, உங்கள் செடிகளுக்கு நோய் எதுவும் இல்லை. எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு அவசரப்பட வேண்டாம்.

மற்றவர்களுக்கும் விளங்கும்படி உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்கு அருகே தோட்டத்து வீடு. கடந்த ஆண்டு ஆகஸ்ட் கடைசியில் நாற்று வாங்கிக் கறுப்புப் பைகளில் நட்டிருக்கிறீர்கள். ஸ்ட்ரோபெரி மே மாதம் பூத்து ஜூனில் பழுக்கும் என்றுதான் நீங்கள் வாசித்த இடமெல்லாம் இருந்தது. உங்கள் செடிகளோ நவம்பரில் பூத்தன, கிறிஸ்மஸை ஒட்டிப் பழுத்தன, பெப்ரவரியிலும் மார்ச்சிலும் மறுபடி நன்றாகக் காய்த்தன. சித்திரைப் புத்தாண்டு கழிந்ததும் பூ நின்றுபோய், கொடி கொடியாக ஓடத் தொடங்கின. ஜூலை மழையில் மீண்டும் பூத்தன. ஆனால் காய் கோணல்மாணலாக வந்து பாதி அழுகிவிட்டது. அதே ஜூலையில், உங்களிடமிருந்து கன்று வாங்கிப் போன பண்டாரவளை நாத்தனார் வீட்டில் நல்ல பழம். ஒரே செடியின் பிள்ளைகள் இரண்டு ஊரில் இரண்டு விதமாக நடப்பது எப்படி, இது காலநிலை கெட்டதன் அறிகுறியா என்பது உங்கள் கேள்வி.

நீங்கள் வாசித்த ஜூன் பொய்யில்லை. அது இங்கிலாந்தின் ஜூன். அங்கே கோடையில் பகல் 16 மணித்தியாலத்தைத் தாண்டும். செப்டெம்பரில் பகல் சுருங்கிக் குளிர் தொடங்கும்போது, ஸ்ட்ரோபெரியின் குட்டையான நடுத்தண்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத அளவில் பூ மொட்டு உருவாகிறது. அது வெளியே எட்டிப் பார்ப்பதற்குள் குளிர்காலம் வந்து செடியை உறங்க வைத்துவிடும். வசந்தத்தில் செடி விழித்ததும், முந்தைய ஆண்டில் உருவான மொட்டுகள் எல்லாம் சேர்ந்து பூத்து ஜூனில் ஒரே வீச்சாகப் பழுக்கும். விம்பிள்டன் டென்னிஸ் பார்க்கப் போகிறவர்கள் கிரீம் ஊற்றி ஸ்ட்ரோபெரி சாப்பிடும் வழக்கமும் அந்தப் பருவத்தை ஒட்டி வந்ததுதான். ஆக, ஜூன் என்பது அந்த நாட்டுக் குளிர்காலம் செடிக்கு விதித்த தவணை. குளிர்காலமே இல்லாத ஊரில் அந்தத் தவணையும் இல்லை.

நம் மலைநாடு வட அகலக்கோடு ஏறத்தாழ 7 பாகையில் இருக்கிறது. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகல் பன்னிரண்டரை மணித்தியாலம்; மிகக் குறுகியது பன்னிரண்டுக்குக் கால் மணித்தியாலம் குறைவு. ஆண்டு முழுவதற்கும் வித்தியாசம் ஏறத்தாழ 50 நிமிடம்தான். 'குறுநாள் இனம்' எனப்படும் சாதாரண ஸ்ட்ரோபெரி வகைகள் பகல் 14 மணித்தியாலத்துக்குக் கீழே இறங்கினால் போதும், மொட்டு வைக்கத் தயாராகிவிடும். நம் ஊரில் பகல் அந்த எல்லையைத் தொடுவதே கிடையாது. எனவே செடியைப் பொறுத்தவரை, பூக்கலாம் என்ற அனுமதி தை முதல் மார்கழி வரை இருந்துகொண்டே இருக்கிறது. இந்த மாதம் ஏன் பூத்தது என்று கேட்பதைவிட, மற்ற மாதத்தில் எது தடுத்தது என்று கேட்பதே இங்கே பொருத்தம்.

தடுப்பவற்றில் முதலாவது வெப்பம். 15 பாகை செல்சியஸுக்குக் கீழே இந்தச் செடி பகலின் நீளத்தைப் பொருட்படுத்துவதே இல்லை. தானாக மொட்டு வைக்கும். 15 முதல் 25 பாகை வரை குறுகிய பகல் வேண்டும். அதுதான் நம்மிடம் எப்போதும் உண்டே. 25 பாகையைத் தாண்டிய வெயில் நாள்கணக்கில் தொடர்ந்தால் குறுகிய பகலிலும் தயங்கும். 30ஐத் தொட்டு நின்றால் அநேகமாக மொட்டு வைப்பதை விட்டுவிட்டு இலையும் கொடியுமாக வளரும். 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் ஆண்டுச் சராசரி வெப்பநிலையே ஏறத்தாழ 16 பாகை. அதனால் அங்கே எந்த மாதம் போனாலும் எங்காவது ஒரு செடியில் பூ இருக்கும். மலேசியாவின் கேமரன் மலையிலும் கொலம்பியாவின் உயர்நிலங்களிலும் இதே கதைதான். கண்டி, பதுளை போன்ற தாழ்ந்த இடங்களில் டிசம்பர், ஜனவரியின் குளிர்ந்த இரவுகளை ஒட்டிக் கொஞ்சம் பூக்கும். மற்ற மாதங்களில் பச்சைப் பசேலென்று இலை மட்டும்தான். ஹட்டனும் பண்டாரவளையும் இவற்றுக்கு நடுவில் இருக்கின்றன. அதனால்தான் உங்கள் செடி இரண்டு பக்கமும் ஆடுகிறது.

இன்று நீங்கள் காணும் பூ இந்த வாரத்து வானிலையால் வந்தது என்று நினைத்துவிடக் கூடாது. பெரும்பாலான குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. மொட்டு நடுத்தண்டுக்குள் உருவாகி, வளர்ந்து, வெள்ளை இதழாக விரிய நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். விரிந்த பூ பழமாவதற்கு இன்னும் நான்கிலிருந்து ஆறு வாரம். வெயில் நன்றாக இருந்தால் விரைவு, மூடுபனிக் காலத்தில் தாமதம். பூவைக் கண்டால் நாட்காட்டியில் ஒரு மாதத்துக்கு மேல் பின்னோக்கிப் போய், அப்போது வானிலை எப்படி இருந்தது, நீங்கள் செடிக்கு என்ன செய்தீர்கள் என்று பாருங்கள். பையின் மேல் ஒரு குச்சியைச் செருகி முதல் பூ விரிந்த தேதியை எழுதி வைத்தால், அடுத்த ஆண்டு என்னைக் கேட்க வேண்டிய தேவையே இருக்காது.

உங்கள் செடியின் ஓராண்டுக் கதையை இந்தக் கணக்கில் பொருத்திப் பார்ப்போம். ஆகஸ்ட் கடைசியில் நட்ட கன்று வேர் பிடிக்கச் செப்டெம்பர் முழுவதும் போயிருக்கும். ஒக்டோபரின் மேகமூட்டத்தில், குளிர்ந்த இரவுகளில் மொட்டு உருவாகி நவம்பரில் பூத்தது. டிசம்பர் கடைசியில் பழுத்தது. டிசம்பர், ஜனவரிக் குளிரில் உருவான அடுத்த தொகுதி பெப்ரவரி, மார்ச்சின் நல்ல காய்ப்பு. மார்ச்சிலும் ஏப்ரலிலும் உங்கள் பக்கம் பகல் வெயில் ஏறும். அதிலும் கறுப்புப் பையை தகரச் சுவர் ஓரமாகவோ சீமெந்து வாசலிலோ வைத்திருந்தால், காற்று 26 பாகையாக இருக்கும்போது பைக்குள் மண் அதைவிடச் சூடாக இருக்கும். அப்போது மொட்டு வைப்பது குறைந்தது. அதன் பலன் ஏப்ரல் கடைசியில் பூ இல்லாமையாகத் தெரிந்தது. மே கடைசியில் தென்மேற்குப் பருவமழை வந்து வெப்பம் தணிந்ததும் செடி மறுபடி மொட்டு வைத்தது; ஜூலையில் பூத்தது. ஜூலைப் பூ உங்களுக்கு விநோதமாகத் தெரிந்தது. எனக்கு அதில் வியப்பில்லை. அது பழமாகியிருந்தால்தான் வியப்பு.

கொடி ஓடுவதும் பூப்பதும் ஒன்றையொன்று விலக்குவது ஏன் என்பதைச் செடியைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். ஒரு செடியின் இலைக்காம்புகளை மெதுவாக விலக்கி நடுவே பாருங்கள். குட்டையான தண்டின் நுனியும், ஒவ்வொரு காம்பின் அடியிலும் ஒரு பக்க மொட்டும் இருக்கும். நுனிதான் பூங்கொத்தாக மாறுகிறது. மாறிவிட்டால் அந்தத் தண்டின் வளர்ச்சி அத்தோடு முடிகிறது. அதற்கு அடுத்த பக்க மொட்டு எழுந்து வளர்ச்சியைத் தொடரும். பக்க மொட்டுகளுக்கு இரண்டு வழி உண்டு: வெப்பமாக இருந்தால் நீண்டு 'ஓடி' எனப்படும் படர்கொடியாகப் போகும், குளிராக இருந்தால் அங்கேயே தங்கிப் புதிய கிளைத் தண்டாகும். அந்தக் கிளையின் நுனியில் பிறகு இன்னொரு பூங்கொத்து. ஏப்ரலில் பத்து ஓடி விட்ட செடி, பத்துக் கிளைக்கான வாய்ப்பைச் செலவழித்துவிட்டது என்று பொருள்.

நடுவிலிருந்து வருவது இலையா பூவா என்பதையும் அப்போதே அறியலாம். புது இலை மடித்த விசிறி மாதிரி, மெல்லிய வெள்ளி மயிரோடு, தட்டையாக எழும். பூங்கொத்து உருண்டையாக, பச்சைப் புல்லிகள் இறுக மூடிய சிறு குமிழாக, இலைகளுக்கு அடியில் ஒளிந்து வரும். விரலால் தொட்டாலே வித்தியாசம் தெரியும். பூ விரிவதற்குப் பத்துப் பதினைந்து நாள் முன்பே இது தெரிந்துவிடுவதால், மழைக்கு மறைப்பு கட்டுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க அவகாசம் கிடைக்கும்.

இனி நாத்தனார் வீட்டுக்கு வருவோம். ஹட்டன் ஏறத்தாழ 1,270 மீற்றர், பண்டாரவளை ஏறத்தாழ 1,230. உயரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். வெப்பத்திலும் பெரிய பேதமில்லை. பேதம் மலையின் எந்தப் பக்கம் என்பதில். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று கொண்டுவரும் மழை முழுவதையும் மேற்குச் சரிவு வாங்கிக்கொள்கிறது. ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட், தலவாக்கலை எல்லாம் நனைந்து கிடக்கும். அதே காற்று மலையைத் தாண்டி ஊவாவில் இறங்கும்போது ஈரத்தை இழந்து, வறண்ட கச்சானாக வீசுகிறது. பண்டாரவளை, அப்புத்தளை, வெலிமடைப் பக்கம் ஜூன் முதல் செப்டெம்பர் வரை வெயிலும் காற்றும்தான். அங்கே பெருமழை ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை நீளும். ஆக உங்கள் இரண்டு வீட்டுச் செடிகளும் ஜூலையில் ஒன்றாகவே பூத்தன. அவர் பூ காய்ந்த காற்றில் பழமானது; உங்கள் பூ மழையில் கரைந்தது.

தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஹட்டனும் சேர்ந்த திம்புள்ளைப் பக்கத் தேயிலைக்கு மணமும் விலையும் கூடும் காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. ஊவாத் தேயிலைக்கு ஜூலை முதல் செப்டெம்பர் வரை. பகலில் வெயில், இரவில் குளிர், இடையில் வறண்ட காற்று என்ற சேர்க்கைதான் இரண்டுக்கும் காரணம். ஸ்ட்ரோபெரிக்கும் அந்தச் சேர்க்கையே வேண்டும். உங்கள் தோட்டத்துத் தொழிற்சாலையில் எந்த மாதங்களில் நல்ல தேயிலை வருகிறதோ, அந்த மாதங்களே உங்கள் வாசலில் இனிப்பான பழம் வரும் மாதங்கள். மலையகத்தில் ஸ்ட்ரோபெரிக்கு எது பருவம் என்று யாராவது கேட்டால், இங்கிலாந்துப் புத்தகத்தைப் பார்க்காமல் தொழிற்சாலையைக் கேளுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

கோணல் காய்க்கு வருகிறேன். இதைப் பலர் நோய் என்று நினைத்து மருந்து தெளிக்கிறார்கள். ஸ்ட்ரோபெரிப் பூவின் நடுவே மஞ்சளாக ஒரு மேடு இருக்கிறதல்லவா, அதில் நூற்றுக்கணக்கான சூலகங்கள் நெருங்கி இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே மகரந்தம் சேர வேண்டும். சேர்ந்தது, பழத்தின் மேல் நாம் விதை என்று சொல்லும் அந்தச் சிறு மணியாகிறது. அந்த மணிதான் தனக்குக் கீழே உள்ள சதையை ஊதச் செய்யும் வளர்ச்சிப் பொருளைச் சுரக்கிறது. மணி இல்லாத இடத்தில் சதை ஊதாது. உங்கள் கோணல் காய் ஒன்றைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள்: பருத்த பக்கத்தில் மணிகள் தடித்து ஒன்றுக்கொன்று தள்ளி இருக்கும், ஒடுங்கிய பக்கத்தில் கடுகுப் பொடியளவில் நெருக்கியடித்துக்கொண்டு, கீழே சதை கெட்டியாகப் பச்சையாக நிற்கும். அந்தப் பக்கத்துக்கு மகரந்தம் வரவில்லை. காரணம் எளிது. மழையில் தேனீ வெளியே வராது. மகரந்தமோ நனைந்து கட்டியாகிவிடும்.

பூ இருந்தும் காய் இல்லாத இந்தச் சங்கடம் ஸ்ட்ரோபெரியின் பிறப்போடு வந்தது. ஃப்ரெசியே என்ற பிரெஞ்சு அதிகாரி 1714இல் சிலியிலிருந்து பெரிய பழம் தரும் செடிகளைக் கப்பலில் கொண்டுபோனார். ஐரோப்பாவில் அவை ஆண்டுக்கணக்காகப் பூத்தும் சரியாகக் காய்க்கவில்லை; போய்ச் சேர்ந்தவை எல்லாம் பெண் செடிகள். வட அமெரிக்காவிலிருந்து வந்த வேறொரு காட்டு ஸ்ட்ரோபெரியைப் பக்கத்தில் நட்ட பிறகுதான் காய் பிடித்தது. அந்தக் கலப்பில் பிறந்ததே இன்று நாம் எல்லோரும் வளர்க்கும் செடி. இப்போதைய வகைகளில் ஒரே பூவில் ஆண் பாகமும் பெண் பாகமும் உண்டு. துணைச் செடி தேவையில்லை. ஆனாலும் மகரந்தத்தை மேடு முழுவதும் பரப்ப ஒருவர் வேண்டும். தேனீ வராத நாளில் அந்த ஒருவர் நீங்கள்தான்: மழை விட்ட முற்பகலில், பள்ளிப் பிள்ளைகளின் மெல்லிய வர்ணத் தூரிகையால் பூவின் விளிம்பிலிருக்கும் மகரந்தப் பைகளை ஒரு சுற்று தடவி, நடுமேட்டில் ஒரு சுற்று தடவுங்கள். இதழ் வெள்ளையாக இருக்கும் நாள்களில் மறுபடியும் செய்யலாம். அலுப்பான வேலைதான். ஐந்தாறு பைகளுக்கு ஐந்து நிமிடம் கூட ஆகாது.

நுவரெலியா, கந்தப்பளை, அம்பேவளைப் பக்கத்து வாசகர்களுக்கு இன்னொன்று. ஜனவரி, பெப்ரவரியில் தேயிலையும் உருளைக்கிழங்கும் கருகும் உறைபனி இரவுகளில் ஸ்ட்ரோபெரியின் இலைக்கு அநேகமாக ஒன்றும் ஆகாது. விரிந்த பூ மட்டும் போய்விடும். காலையில் இதழ் வெள்ளையாகவே இருக்கும், ஆனால் நடுமேடு இரண்டொரு நாளில் கறுத்துவிடும். கறுத்த பூ காய்க்காது, கிள்ளிவிடலாம். அன்றிரவு வானம் தெளிவாக, காற்றில்லாமல் இருந்தால் மாலையிலேயே சாக்கோ பழைய போர்வையோ போர்த்திவிடுங்கள். விரியாத மொட்டுகள் இதைவிடக் குளிரைத் தாங்கும். அடுத்த தொகுதிக்கு அவை இருக்கின்றன.

என்ன இனம் என்று நீங்கள் எழுதவில்லை. நாற்று விற்பவர்களும் பெரும்பாலும் சொல்வதில்லை. சாண்ட்லர், கமரோசா போன்றவை குறுநாள் இனங்கள்; மேலே சொன்னதெல்லாம் அவற்றுக்கு அப்படியே பொருந்தும். செல்வா, அல்பியன் போன்றவற்றை 'எக்காலமும் காய்ப்பவை' என்று விற்பார்கள். 1950களில் அமெரிக்காவின் யூட்டா மாநில மலையிலிருந்து எடுத்த ஒரு காட்டுச் செடியின் குணம் அவற்றில் கலந்திருக்கிறது. அந்த வழியில் வந்த இனங்கள் 1980ஐ ஒட்டித்தான் விற்பனைக்கு வந்தன. பகலின் நீளத்தைக் கவனிக்காமல் பூப்பவை என்பது விளம்பரம். குளிரில் அது உண்மைதான். வெப்பம் ஏற ஏற அவை நீண்ட பகலை எதிர்பார்க்கத் தொடங்கும் என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. நீண்ட பகல் நம்மிடம் இல்லை. அதனால் நுவரெலியாவில் அவை நன்றாகவே காய்க்கும். பதுளையில் அதிக விலை கொடுத்து வாங்கியவர் ஏமாறலாம். விதை போட்டு முளைக்கும் சிறுபழ ஆல்ப்ஸ் வகை தனி ரகம்: கொடி அதிகம் ஓடாது, ஆண்டு முழுவதும் ஒன்றிரண்டாகக் காய்க்கும், வாசம் நன்றாக இருக்கும், வயிறு நிறையாது. கடையில் வாங்கிய பெரிய பழத்தின் விதையை முளைக்க வைத்தால் தாயைப் போன்ற செடி வராது. அப்படி வளர்த்தவர்கள் பருவத்தைப் பற்றி எந்தக் கணக்கும் போட முடியாது.

நாற்றின் பூர்வீகமும் முதல் ஆண்டில் கணக்கைக் குழப்பும். நடும்போதே நடுத்தண்டுக்குள் மொட்டு இருந்தால், நட்ட மூன்றாம் வாரமே பூக்கும். அது உங்கள் வாசலின் வானிலையைச் சொல்லாது. நாற்றுமேடை இருந்த ஊரின் வானிலையைச் சொல்லும். ஆய்வுகூடத்தில் திசு வளர்ப்பில் வந்த கன்றுகள் முதலில் அளவுக்கு மிஞ்சி ஓடி விடும். பிறகு நிதானத்துக்கு வரும். எனவே ஒரே நாளில் நட்ட இரண்டு பைகள் இரண்டு விதமாக நடந்தால், அவை ஒரே இடத்தில் வாங்கியவையா என்று முதலில் பாருங்கள்.

உரம் பற்றிக் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். தோட்டத்து வீடுகளில் தேயிலைக்குப் போடும் உரத்தில் ஒரு பிடி எடுத்து எல்லாச் செடிக்கும் போடுவது வழக்கம். தேயிலைக்கு இலை வேண்டும். அதனால் அந்தக் கலவையில் நைதரசன் தூக்கலாக இருக்கும். ஸ்ட்ரோபெரிக்கு அதைப் போட்டால் ஸ்ட்ரோபெரியும் இலையைத்தான் தரும். வெப்பமான மாதத்தில் யூரியாவும் சேர்ந்தால் ஓடிகளுக்குக் கொண்டாட்டம். மக்கிய மாட்டெருவும், காய்க்கும் காலத்தில் கொஞ்சம் பொற்றாசியமும் போதும்.

இன்னொரு காரணத்தை யாரும் சந்தேகிப்பதில்லை: விளக்கு. வாசலில், லயன் கோடியில், கோவில் முன்றலில் இரவு முழுவதும் எரியும் விளக்கின் கீழ் வைத்த குறுநாள் இனத்துக்கு இரவு என்பதே இல்லாமல் போகிறது. மஞ்சள் குண்டு விளக்கின் மங்கிய வெளிச்சம்கூடப் பகலை நீட்டிக் காட்டப் போதுமானது. பண்ணைகளில் செடிக்கு இலை வளர்ச்சி வேண்டும் என்றால் வேண்டுமென்றே அப்படி விளக்குப் போடுவார்கள். மற்றப் பைகள் பூத்து ஒரு மூலைப் பை மட்டும் கொடியாகவே ஓடினால், அந்தி சாய்ந்த பிறகு போய், அந்தப் பையின் மேல் எங்கிருந்து வெளிச்சம் விழுகிறது என்று பாருங்கள். பையை நகர்த்தினால் போதும்.

ஆட்டுக்குட்டி மேய்ந்த செடி மற்றதைவிட முன்னதாகப் பூத்தது என்று சொல்பவர்களை நம்பாமல் இருக்காதீர்கள். முதிர்ந்த இலைகள் மொட்டு உருவாவதைத் தடுக்கும் ஒரு பொருளை அனுப்புவதாகப் பழைய ஆய்வுகள் சொல்கின்றன. அவற்றைக் கழித்த செடிகள் சாதகமற்ற நாள்களிலும் மொட்டு வைத்தன. அதற்காக ஆட்டை அவிழ்த்துவிட வேண்டியதில்லை. காய்ப்பு ஓய்ந்ததும் சிவந்த, புள்ளி விழுந்த கீழ் இலைகளைக் கத்தரித்து அப்புறப்படுத்தினால் பூசண நோயும் குறையும், புதுத் தளிரும் வரும். நடுத்தண்டை மட்டும் தொட்டுவிடாதீர்கள்.

காலநிலை மாற்றமா என்றால், ஆறு பைகளை வைத்து அதற்குச் சாட்சி சொல்ல முடியாது. இங்கிலாந்தில் ஒருவர் வீட்டில் நவம்பரில் ஸ்ட்ரோபெரி பூத்தால் அது கவனிக்க வேண்டிய சேதி: இலையுதிர் காலத்தில் உருவான மொட்டைக் குளிர் அடக்கி வைக்கவில்லை என்று பொருள். ஹட்டனில் நவம்பரில் பூப்பது வழமை. இரவுகள் ஆண்டுக்காண்டு சூடாகிக்கொண்டே போனால், ஓடி விடும் மாதங்கள் நீண்டு பூக்கும் மாதங்கள் சுருங்கும். பத்தாண்டு தேதிகளை எழுதி வைத்திருப்பவரால் அதைச் சொல்ல முடியும்.

இனிச் செய்ய வேண்டியது. உங்கள் இடத்தில் நான் இருந்தால், ஜனவரி முதல் மார்ச் வரையிலான பழத்தையே குறிவைப்பேன். ஏப்ரல், மே மாதங்களில் வரும் ஓடிகளைக் குறையாகப் பார்க்காமல், நன்றாகக் காய்த்த தாய்ச்செடியின் முதல் கன்றுகளை யோகட் கோப்பையில் வேர்விட வைப்பேன். ஜூன், ஜூலையில் மழைக்கு ஒதுக்குப்புறமாக வளர்த்து, ஆகஸ்ட் கடைசியில் பைக்கு மாற்றுவேன். அந்தப் புதுக் கன்றுகளில் முதல் ஆறு வாரத்தில் வரும் பூவைக் கிள்ளிவிடுவேன்; வேர் பிடிக்காத செடி காய்த்தால் காயும் சிறுக்கும், செடியும் சிறுக்கும். காய்க்கும் காலத்தில் ஓடி வந்தால் கண்டவுடன் வெட்டிவிட வேண்டும். இரண்டு ஆண்டைத் தாண்டிய தாய்ச்செடிகளைக் கழித்துவிடுவது நல்லது. நாத்தனார் இதையே ஆறு மாதம் தள்ளிச் செய்ய வேண்டும்: ஜனவரி மழை ஓய்ந்ததும், பெப்ரவரி, மார்ச்சில் நடவு, ஜூன் முதல் செப்டெம்பர் வரை பழம். அவர் பக்கம் கச்சானில் பை விரைவாகக் காயும், ஆகவே காலையும் மாலையும் தண்ணீர்.

ஜூலைப் பூக்களைக் கிள்ளுவதா விடுவதா என்பது உங்கள் பொறுமையைப் பொறுத்தது. கிள்ளினால் செடி பலத்தைச் சேமித்துக்கொள்ளும். எனக்கு அதுவே சரியென்று படுகிறது. பிள்ளைகள் பழம் கேட்டு அடம்பிடிக்கிறார்கள் என்றால், நான்கு மூங்கில் குச்சி நட்டு மேலே ஒளி புகும் பொலித்தீனைச் சாய்வாகக் கட்டுங்கள். பக்கங்களைத் திறந்தே விடுங்கள். மூடினால் புழுக்கத்தில் சாம்பல் பூசணம் மழையைவிட மோசமாகப் பிடிக்கும். பழம் ஈர மண்ணில் படாமல் காய்ந்த மானாப் புல்லைப் பரப்புங்கள். நத்தை ஏறுகிறதா என்று இரவில் டோர்ச் அடித்துப் பாருங்கள். இவ்வளவும் செய்தாலும் ஜூலைப் பழம் மார்ச்சுப் பழத்தின் இனிப்புக்கு வராது, வெயில் போதாது. சீனி போட்டு ஜாம் காய்ச்சிவிடலாம்.